அண்ணே என்றொரு கீரி

"நாய் வேண்டாம் சார். நாய்னா போறவன் வாறவன்லாம் வந்து தடவுவான். அவனுக்கு மேல ஒருத்தன் கை வச்சாலே ஆகாது."

"அப்ப பூனை வெச்சுக்கலாங்களா? பாக்கவும் அழகா இருக்கும்."

"பூனையா..."

"இருங்க, வேண்டாங்க. நானே சொல்லிட்டு நானே வேண்டாங்கறேன். பூனை கூப்பிட்டா வராது. அது வரலைன்னா, இவருக்கு முடியாம வரலையா, பூனைங்கறதால வரலையான்னு நமக்கு வித்தியாசமே தெரியாமப் போயிரும்."

"கீரி இருக்கா?"

"கீரியா? பாக்கறேன்... இருக்குதுங்க."

"அப்பம் கீரி குடுங்க. சின்னப்பிள்ளைல எங்க காம்பவுண்டுக்குள்ள ஒண்ணு வரும். அவன்தான் அதுக்கு மீன்தலை வைப்பான். வேற யாரு வச்சாலும் திங்காது."

"ஏட்டி, எம்பிள்ளைய கீரியாக்கப் போறீயளா?" என்றது மூன்றாவது குரல். அதில் அழுகை இருந்தது. அம்மா.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு என்னிடம் ஓர் இமைகூட மிச்சமில்லை.

என் பெயர் டைட்டஸ். தூத்துக்குடியில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு ஜவுளிக்கடையின் மொட்டைமாடியில், மிஷின் ரூமுக்குள் குனிந்து பிரேக்கை இறுக்கிக்கொண்டிருந்தபோது மூளைத்தண்டில் ஒரு ரத்தக்குழாய் அடைத்தது. விழித்தபோது எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது, எதுவும் அசையவில்லை. கொஞ்ச காலம் கருவிழிகளை மட்டும் மேலும் கீழும் உருட்ட முடிந்தது. மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை. இன்னொரு அடைப்பில் அதுவும் போனது. அதற்குப் பிறகு நான் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு மறுவாழ்வு மையத்தின் கட்டிலில், மேற்கூரையில் ஓதம் ஏறிய கறையைப் பார்த்தபடி கிடந்தேன். நாளடைவில் அந்தக் கறைக்குள் ஒரு தீவும், தீவில் ஒரு கலங்கரை விளக்கும், விளக்கைத் துடைக்கும் ஓர் ஆளும் இருந்தார்கள். நான் வைத்தவர்கள்தான். வேறு வேலையில்லை.

கீரி கேட்டவள் என் தங்கை ஷெர்லின். தேடிக் கொடுத்தவர் பரணிதரன். ஈரோட்டுக்காரர், மையத்தின் பொறியாளர். என் மண்டையோட்டுக்கு அடியில் தபால்தலை அளவு தகடு ஒன்றை வைத்து, அதிலிருந்து வருவதைப் படிக்க முயன்றுகொண்டிருப்பவர். பொறுமைசாலி. அம்மாவுக்கும் பொறுமையாகவே விளக்கினார்.

"அம்மா, மனுச உருவத்துல ஒரு கையத் தூக்கறதுக்கே நூறு சைகை வேணுங்க. இவரு மூளைல இருந்து எங்களுக்குத் தெளிவாக் கெடைக்கறது நாலஞ்சுதான். போ, நில், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கடி. அத வெச்சு ஒரு மனுசன நடத்துனா குடிச்சவன் மாதிரி இருக்கும். ஒரு பிராணிய நடத்துனா பிராணி மாதிரியே இருக்கும்."

"வெளையாட்டுலயா?"

"ஆமாங்க. அலையாத்தின்னு ஒரு வெளையாட்டு. ஊரு உலகமே ஆடுது. காடு, ஆறு, கோட்டை எல்லாம் இருக்கும். ஒவ்வொரு ஆளும் கூட ஒரு துணைப்பிராணி வெச்சுக்கலாம். அது பின்னாலயே நடக்கும், பொருள் தேடித் தரும், சண்டைல கடிக்கும். உங்க பொண்ணு ஆடும். தம்பி அதுகூடப் போவாரு."

"கயிறு கட்டியா கூட்டிட்டுப் போவா?"

"கயிறெல்லாம் இல்லைங்கம்மா" என்று சிரித்தார் பரணிதரன்.

*

என் இமைகளைப் பிளாஸ்திரி போட்டுத் தூக்கி, சொட்டுமருந்து விட்டு, மேலே கண்ணாடியை மாட்டினார்கள். கறையும் தீவும் மறைந்தன. சேறும் இலையுமாக ஒரு காடு வந்தது.

மண் மிக அருகில் இருந்தது. அதுதான் முதலில் தோன்றியது. மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப் போல மேலே குத்திட்டு நின்றன. அவற்றுக்கு அப்பால் தண்ணீர். ஒரு கணம் பழைய பழக்கத்தில் 'போ' என்று நினைத்தேன், எத்தனையோ காலமாக நினைத்து நினைத்து ஒன்றும் நடக்காத அந்தப் 'போ'. காடு என்னை நோக்கி வந்தது.

நான் ஓடினேன். அதை எப்படிச் சொல்வது? வேர்களுக்கிடையே, நண்டு வளைகளைத் தாண்டி, காரணமில்லாமல் ஓடினேன். மரத்தில் முட்டி விழுந்தேன். மறுபடி ஓடினேன். எங்கோ என் காதருகில், உண்மையான அறையில், ஷெர்லின் அழுதுகொண்டே சிரித்தாள். "சார், ஓடுதான் சார்! எங்கண்ணன் ஓடுதான்!"

பிராணிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் விளையாட்டு ஏற்கும். ஷெர்லின் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அவள் விரல் தானாகவே தட்டியது. என் தலைக்கு மேல் பச்சை எழுத்தில் 'அண்ணே' என்று மிதந்தது.

அவளுடைய குழுவில் கலீல் என்றொருவன் இருந்தான். கீழக்கரைப் பையன், பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. விளையாட்டில் ஈட்டியும் தாடியுமாக வருவான்.

"தங்கச்சி, இதென்ன பேரு? நானும் இதை அண்ணேன்னா கூப்பிடணும்?"

"ஆமா. மரியாதையாக் கூப்பிடுங்க. எனக்கு மூத்தவன்."

"சரிதான். அண்ணே, அந்தப் பாம்பைக் கொஞ்சம் கடிங்கண்ணே."

கடித்தேன். பிறகு, அவன் அதே கேலியை நாலாவது முறையாகச் சொன்னபோது, அவனையும் கடித்தேன்.

"அல்லா! அண்ணன் கடிச்சிட்டாரு!"

எனக்குள் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்காத, வாய் திறக்காத சிரிப்பு. ஆனால் அன்றைக்கு அது வெளியே போய் ஒருவனின் காலில் பல்லாகப் பதிந்திருந்தது.

ஷெர்லின் சிவப்பை அமுக்கினாள்.

சிவப்பும் பச்சையும் பரணிதரன் கற்றுக்கொடுத்தவை. அவள் கையிலிருந்த கருவியில் கட்டைவிரல் படும் இடத்தில் இரண்டு பொத்தான்கள். "தகட்டுல இருந்து வர்ற சைகை ரொம்ப லேசுங்க. பாதி வழியிலயே கரைஞ்சு போயிரும். அந்த எடத்தை வெளையாட்டுக் கம்பெனிக்காரங்க போட்டிருக்கற துணைநடைங்கற புரோகிராம் நெரப்பிக்கும். எல்லாப் பிராணிக்கும் அந்த ஏற்பாடு உண்டு. அது நீங்க சொல்லிக் குடுக்கறதை வெச்சுத்தான் கத்துக்கும். சரியாச் செஞ்சா பச்சை. தப்பாச் செஞ்சா சிவப்பு. போகப்போக உங்கண்ணன் நெனைக்கறதும் கீரி செய்யறதும் ஒண்ணாயிரும்."

அவள் பள்ளிக்கூடத்தில் எப்படிப் படித்தாளோ அப்படியே இதையும் செய்தாள், ஒரு தப்பும் விடாமல்.

ஆரம்ப நாட்கள் நன்றாகவே இருந்தன. வலப்பக்கம் தலையைத் திருப்பினால் ஆமாம். இடப்பக்கம் என்றால் இல்லை. ஒரு பழைய கோட்டை வாசலில் உட்கார்ந்து நாங்கள் பேசுவோம். அம்மா கொண்டுவந்த மீன்குழம்பின் வாசனை உனக்கு வந்ததா? ஆமாம். எனக்குப் பார்த்த மாப்பிள்ளையை நான் வேண்டாம் என்று சொன்னது சரியா? ஆமாம், ஆமாம். கலீல் நல்லவனா? நான் தலையைத் திருப்பாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கோட்டைக்குள் ஒரு கோபுரம் இருந்தது. மேலே போவதற்குக் கயிற்றில் இழுபடும் கூடை. கலீல் அதன் பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தான். கூடை வரவில்லை.

"ஏன் கோவப்படுதீங்க? மேல யாராச்சும் ஏறிட்டு இருப்பாங்க" என்றாள் ஷெர்லின். "எங்கண்ணன் லிஃப்ட் மெக்கானிக்கு. முன்னால அவனுக்குச் சோறு கொண்டு போவேன். ஒரு ஆஸ்பத்திரில லிஃப்டை அமுக்கி அமுக்கிப் பாத்தேன், வரவே இல்ல. சோறு ஆறிப்போச்சு, நல்லா ஏசினேன். அதுக்கு அவன் சொன்னான், 'ஏட்டி, காலி லிஃப்டுதான் கூப்பிட்ட ஒடனே ஓடியாரும். கூப்பிட்டும் வரலைன்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். எவனோ எவளுக்காகவோ கதவுல கால வச்சிட்டு நிக்கான்'னு."

"பெரிய தத்துவஞானிதான் உங்க அண்ணன்."

"தத்துவமும் இல்ல ஒண்ணும் இல்ல. சோத்துக்கு லேட்டா வந்ததுக்குச் சாக்கு" என்றாள்.

உண்மையில் அது சாக்குத்தான். ஆனால் உண்மையும்கூட.

*

எப்போது மாறியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஓர் ஆற்றங்கரையில் என்று நினைக்கிறேன்.

அலையாத்தியில் மாலை நேரம் அழகாக இருக்கும். தண்ணீர் செம்பு நிறமாகும், நாரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். ஷெர்லினும் கலீலும் ஏதோ மூலிகை தேடிக்கொண்டிருந்தார்கள். 'தேடு' என்று எனக்கும் சொல்லியிருந்தாள். நான் தேடவில்லை. கரையில் போய் உட்கார்ந்து நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கூரைக் கறையில் நான் கற்பனை செய்த தீவு இதுதான் என்று தோன்றியது. கலங்கரை விளக்கு மட்டும் இல்லை.

"பாவம், சிக்னல் குழம்பிட்டு போல" என்றாள். சிவப்பு.

மறுமுறை கரைக்குப் போனேன். சிவப்பு. அதற்கடுத்த முறை கரையை நோக்கிப் 'போ' என்று நினைத்தேன். கீரி புதருக்குள் ஓடி மூலிகையைக் கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டது.

"அண்ணே! சூப்பர்ண்ணே!" பச்சை.

கீரியின் கண்களுக்குப் பின்னால் இருந்தபடி, என் வாயில் இருந்த மூலிகையை நான் பார்த்தேன். நான் எடுக்காத மூலிகை.

முதலில் இதை ஒரு வசதி என்றுதான் எண்ணினேன். பேருந்தில் உட்கார்ந்திருப்பவன் ஓட்டவேண்டியதில்லையே. ஆனால் பேருந்து நான் இறங்க நினைத்த இடங்களில் நிற்காமல் போகத் தொடங்கியது. அவள் கூப்பிட்டால் வருவேன். வரலாமா என்று நினைப்பதற்கு முன்பே வந்திருப்பேன். ஒருமுறை பாதி வழியில் 'நில்' என்று என் மொத்த பலத்தையும் திரட்டி நினைத்தேன். கீரி நின்றது. ஒரு முன்கால் அந்தரத்தில் தூக்கியபடி, ஒரு மூச்சு நேரம். என் பலம் அவ்வளவுதான், ஆனால் அது என் பலம்.

"ஐயோ, கீரி சிக்கிட்டு. சார், நடுவுல அப்படியே நின்னுட்டான் சார்."

"சிவப்பு அமுக்குங்க. சரியாயிரும்."

சரியாகிவிட்டது.

அதன் பிறகும் ஆமாம், இல்லை என்ற பாஷை மிச்சமிருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் இருந்தது. ஒரு நாள் என்னைத் திருப்பிப் படுக்க வைத்த நர்ஸ் என் இடக்கையை உடம்புக்கு அடியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். மரத்துப்போக வேண்டிய கை மரத்துப்போகவில்லை. அசையாத உடம்பு வலியை மட்டும் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கும். நண்பகலிலிருந்து அது எரிந்துகொண்டிருந்தது. ஷெர்லின் வந்து கண்ணாடியை மாட்டினாள். கோட்டை வாசல். வழக்கமான கேள்விகள்.

"எங்கயாச்சும் வலிக்காண்ணே?"

வலப்பக்கம். வலப்பக்கம். வலப்பக்கம் என்று நினைத்தேன்.

கீரி இடப்பக்கம் திரும்பியது. பிறகு மல்லாந்து புரண்டு, வயிற்றைக் காட்டி, அவள் பாதத்தைச் சுற்றி ஓடியது.

"அப்பாடா" என்றாள். பச்சை.

முன்பெல்லாம் நான் ஆமாம், வலிக்கிறது என்று சொன்னால் அவளுக்குக் குரல் சுருங்கிவிடும். கருவியைக் கீழே வைத்துவிட்டு நர்ஸைத் தேடி ஓடுவாள். எந்தப் பொத்தானும் அமுக்க மாட்டாள். வலிக்கவில்லை என்று நான் சொன்ன நாட்களில் மட்டும் சந்தோஷத்தில் பச்சையை இரண்டு மூன்று முறை அமுக்குவாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். துணைநடைக்கு வலி தெரியாது. எதற்குப் பச்சை கிடைக்கும் என்பது மட்டுமே தெரியும்.

என் தங்கையின் பிரியம் ஒவ்வொரு செங்கல்லாக என்னைச் சுற்றி எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அதை அறியவில்லை. நான் அறிந்திருந்தேன், ஆனால் நான் கீரி.

கீரி புகழ்பெற்றது. வேறு குழுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "இவ்வளவு சொன்ன பேச்சு கேக்குற பிராணிய நான் எங்கயுமே பாத்ததில்ல" என்றான் கலீல். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது தங்கச்சி. அண்ணன் இப்பல்லாம் என்னையக் கடிக்கிறதே இல்ல. என்னமோ மாதிரி இருக்கு" என்றான்.

"நல்லாப் பழகிட்டான்லா" என்றாள் ஷெர்லின்.

*

பரணிதரன் ஒரு காலையில் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டாமல், என் கட்டிலோரமாக நின்றார். ஷெர்லின் அப்போதுதான் வந்திருந்தாள். அவளுடைய டிபன் பாக்ஸை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"உக்காருங்க. ஒரு விசயம் சொல்லோணும்."

"என்ன சார்?"

"எங்க டாக்டருங்க கேக்கறாங்க. கீரி அருமையா இருக்குது. ஆனா அந்தக் கீரில டைட்டஸ் எவ்வளவு இருக்காருன்னு."

"என்ன கேள்வி இது? எங்கண்ணன்தான் சார் கீரி."

"தகட்டுல இருந்து சைகை வருது, இல்லைங்கல. ஆனா இப்பெல்லாம் கீரி செஞ்ச பொறகுதான் வருது. அவரு நெனைச்சு வருதா, இல்ல கண்ணு முன்னால நடக்கறதுக்கு மூளை சும்மா எதிரொலிக்குதான்னு எங்களால சொல்ல முடியலைங்க." குரலைத் தாழ்த்தினார், நான் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். "பக்கத்து அறைல ஒரு டீச்சரம்மா இருக்காங்க. அவங்களுக்குக் கண்ணு இன்னும் அசையுது. அதுவும் நிக்கறதுக்குள்ள பழக்கணும். எங்களுக்கு இருக்கறது ஒரே இணைப்பு. அவர் உள்ள இல்லைன்னு ஆயிருச்சுன்னா, நாளைக்கு மாத்திக் குடுத்திருங்கன்னு சொல்லிட்டாங்க."

நாளைக்கு. மேற்கூரையில் கறை இருந்தது. தீவு இருந்தது. விளக்கைத் துடைக்கும் ஆள் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்பம் அந்தத் துணைநடைய அணைங்க. அவனாத்தான் செய்யுதானான்னு பாத்துரலாம்."

"அது கம்பெனிக்காரங்க பக்கம் இருக்குதுங்க. அணைக்கச் சொல்லிக் கேட்டாச்சு. தனியா ஒரு பிராணிக்கு அணைக்க முடியாதுங்கறாங்க."

"பெறகு என்ன செஞ்சாத்தான் நம்புவீங்க?"

"துணைநடை எப்பவுமே செய்யாத ஒண்ணு. அத அவரு ஒரே ஒருக்கா செஞ்சாப் போதும். சும்மா தடுமாறுனாக் கணக்கில்லை. இதுதான்னு நாம முன்னாலயே சொல்லி, அதையே செய்யோணும். நானே எழுந்து நின்னு அவங்ககிட்டச் சொல்லுவேன்."

மின்விசிறி சுற்றியது. பிறகு ஷெர்லின் கேட்டாள். அவள் குரல் சிறுபிள்ளைக் குரல்போல மாறியிருந்தது.

"சார், நான் செவப்பு அமுக்குனதெல்லாம் என்னாகும்?"

"அதெல்லாம் அது இனி செய்யாதுங்க. அவரு நெனைச்சாலும் வழி விடாது."

"அவன் ஆத்தங்கரைல போய் உக்காந்தான். செவப்பு அமுக்குனேன். கலீலைக் கடிச்சான். செவப்பு. ஒருநாள் கூப்பிட்டப்ப வராம, ஒத்தக்காலத் தூக்கிட்டு நடுவழில நின்னான்." அவள் நிறுத்தினாள். "சார், அது... கோளாறில்லையா சார்?"

நாற்காலி கிறீச்சிட்டது. டிபன் பாக்ஸ் தரையில் விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

அவள் அழவில்லை என்பதை மூச்சை வைத்துக் கண்டுகொண்டேன். யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யோசனை வந்தால் நகத்தால் பல்லைத் தட்டுவாள். டிக், டிக், டிக்.

"காலி லிஃப்டுதான் கூப்பிட்ட ஒடனே ஓடியாரும்" என்றாள், தனக்குத்தானே.

"என்னங்க?"

"சார், இந்தக் கீரி கூப்பிட்டு வராம இருந்திருக்கா? கொஞ்ச நாளா?"

"ஒரு தடவைகூட இல்லைங்க. அதுல அது புலி."

"அப்பம் அதுதான். நான் கூப்பிடுவேன். அவன் வரமாட்டான். வரலைன்னா உள்ள ஆள் இருக்கு."

பரணிதரன் மெதுவாகச் சொன்னார்: "சும்மா ஒப்புக்குக் கூப்பிட்டா எடுபடாதுங்க. எப்பவும் எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படி. அது வந்தே தீரும்ங்கற மாதிரி."

"கூப்பிடுதேன்."

அவள் என் காதோடு குனிந்தாள். இன்னும் கண்ணாடி மாட்டவில்லை. துணைநடை கேட்க முடியாத இடம் அது, அந்த ஒரு சாண் இடைவெளி. அவள் தலையில் வைத்திருந்த பிச்சிப்பூவின் மணம் வந்தது.

"அண்ணே. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருப்ப. நான் செஞ்சதுக்கு மன்னிப்பெல்லாம் பெறகு கேக்கேன். இப்பம் ஒண்ணே ஒண்ணு. உள்ள போனதும் நான் கூப்பிடுவேன். நீ வராத. நான் என்ன சொன்னாலும் வராத. அழுதாலும் வராத. கதவுல கால வச்சிட்டு நில்லு. என்னா?"

*

ஆற்றங்கரை. அவள் வேண்டுமென்றே அந்த இடத்தைத் தேர்ந்திருந்தாள். நேரம் மாலை, தண்ணீர் செம்பு நிறம். கலீல் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தான். ஈட்டியைச் சேற்றில் ஊன்றிவிட்டு ஓரமாக நின்றான். கேலி எதுவும் பண்ணவில்லை. அறையில், என் காலடியில், பரணிதரனுடன் இன்னும் இரண்டு டாக்டர்களின் செருப்புச் சத்தம்.

ஷெர்லின் நடந்து போனாள். வேர்களைத் தாண்டி, நண்டு வளைகளைத் தாண்டி, ஒரு சாய்ந்த மரத்தடி வரை. அங்கே திரும்பி நின்றாள்.

லிஃப்டை நிறுத்துவதற்குப் பெரிய பலம் எதுவும் தேவையில்லை. எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். கதவிடுக்கில் ஒரு கால். அவ்வளவுதான். மேலே மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தக் காலுக்காகக் காத்து நிற்கும். நான் என் காலைத் தேடினேன். நாலு கால்கள் இருந்தன, பழுப்பு நிறத்தில், நகங்களுடன். எவையும் என்னுடையவை இல்லை. ஆனால் ஒருமுறை அந்தரத்தில் நின்ற முன்கால் எனக்கு நினைவிருந்தது. அதன் எடை நினைவிருந்தது. 'நில்' என்று நினைக்கத் தொடங்கினேன், அவள் கூப்பிடுவதற்கு முன்பே, மூச்சுப் பிடித்து முக்குளிப்பவன்போல.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. இவ்வளவு நாள் நான் யோசிக்காதது.

அவள் பிறந்த வீட்டில், நடக்கப் பழகிய நாளில், பள்ளிக்கூட வாசலில், அப்பாவை அடக்கம் பண்ணிய அன்று கல்லறைத் தோட்டத்துக் கேட்டருகில், அவள் 'அண்ணே' என்று கூப்பிட்ட எந்த நேரத்திலும் நான் போகாமல் இருந்ததில்லை. யாரும் எனக்குப் பச்சை அமுக்கவில்லை. இப்போது என் கால்களில் முறுக்கேறிக்கொண்டிருப்பது துணைநடையா, நானா? அது என்னிடமிருந்து கற்றதா, நான் அதனிடமிருந்து கற்றேனா? கூப்பிடுவது அவள் என்றால், உள்ளே ஆள் இருக்கும் லிஃப்ட்டும் ஓடித்தான் வந்திருக்கும். அதை அவளிடம் சொல்ல எனக்குப் பாஷை இல்லை. வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை.

நாரைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணே" என்றாள்.

கீரியின் காதுகள் நிமிர்ந்தன. முன்கால் மண்ணைவிட்டு எழும்பியது. நில், நில், நில், நில்.

"அண்ணே, வாண்ணே."

அவள் ஒப்புக்குக் கூப்பிடவில்லை. சொன்னபடியே கூப்பிட்டாள், எப்போதும் போல, நான் வந்தே தீருவேன் என்பதுபோல. கைகளை நீட்டினாள். எங்கேயோ, உண்மையான அறையில், என் காதருகில், அவள் குரல் உடைந்தது. இருட்டில் தடுக்கி விழுந்த சின்னப்பிள்ளை போல அவள் அழத் தொடங்கினாள். கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"பயமா இருக்குண்ணே. எங்கிட்ட வா."